ஞானரட்ணம் ஐயா வீட்டு ஃபிரிட்ஜ்

1992ஆம் ஆண்டு, மழைக்காலம். இரத்தோட்டையில் ஞானரட்ணம் ஐயா வீட்டுக்கு அந்த வாரம் நான் போனது இரண்டாம் முறை. ஒரே ஃபிரிட்ஜைத் திருத்த இரண்டு முறை போவதென்றால் எனக்கு மானக்கேடு.

மேல்தட்டின் பின்னால் ஐஸ் இறுகி, காற்றாடி சுற்றாமல், கீழே குளிர் இறங்கவில்லை. அங்கேதான் அவருடைய இன்சுலின் இருந்தது. மருந்து கெட்டு, சீனி ஏறி, கால் புண் கறுத்திருந்தது.

"இன்னொரு தடவ மருந்து பழுதானா கால எடுக்கணும்னு டொக்டர் சொல்லிட்டாரு, மர்சூக் தம்பி," என்றார்.

ஐஸை உருக்கினேன். டைமரைத் திருப்பினேன், ஐஸ் உருக்கும் ஹீட்டர் சுட்டது. உருகிய தண்ணீர் வடியும் குழாயில் அடைப்பில்லை. கதவு ரப்பரும் நல்ல பிடி. எல்லாமே சரியாக இருந்ததுதான் எனக்கு எரிச்சல்.

"மெஷின்ல பிழை இல்லங்கய்யா. ராவெல்லாம் கதவு தெறந்து கெடக்கு. ஈரக்காத்து உள்ள போய் ஐஸாகுது."

"நாங்க ரெண்டு பேர்தானே தம்பி இருக்கோம்."

அவர் மனைவி சவரியம்மா தலை குனிந்தார். "தெனமும் விடியக்காலையில தெறந்துதான் கெடக்குதுங்க. நான்தான் மூடுறேன்."

அம்மாவுக்கு மறதி என்று நினைத்துக்கொண்டேன். அந்த ஃபிரிட்ஜின் கதவிலேயே பூட்டு இருந்தது. பூட்டிச் சாவியை ஐயாவிடம் கொடுத்தேன்.

யாரோ தட்டினார்கள்.

வாசலில் இல்லை.

ஃபிரிட்ஜுக்கு உள்ளே. மெதுவாக, மூன்று முறை.

சவரியம்மா சிலுவை போட்டுக்கொண்டார்.

"எங்க மகன் கிறிஸ்தோபர்," என்றார் ஐயா. "எம்பத்தொம்பது, ராவுல வந்து ஆளத் தூக்கிட்டுப் போற காலம். யாரு தட்டினாலும் ஒருத்தரும் தெறக்க மாட்டோம். அன்னைக்கும் இப்படித்தான் தட்டுச்சு. இவ தெறக்கப் போனா. நான்தான் இழுத்துப் புடிச்சேன். காலையில வாசல்ல மகனோட செருப்பு மட்டும் கெடந்துச்சு."

மறுபடியும் தட்டியது.

அவர் சாவியைப் பூட்டில் போட்டுத் திருப்பினார். கதவு திறந்தது. உள்ளே விளக்கு வெளிச்சம், மருந்துக் குப்பிகள், கிளறிப்போட்ட ஈரமண் வாசனை. வேறொன்றும் இல்லை.

"வாடா மகனே," என்று சொல்லி அழுதார்.

பிறகு குப்பிகளை எடுத்து ஒரு டம்ளருக்குள் போட்டு, மண்பானைத் தண்ணீரில் இறக்கி வைத்தார். ஃபிரிட்ஜ் கதவைத் திறந்தபடியே விட்டு, சாவியை என் கையில் திணித்தார்.

"கொண்டுபோயிருங்க தம்பி. இனி இந்தக் கதவ பூட்ட வேணாம்."

"ஐயா, உங்க கால்..."

"போனாப் போகட்டும்."

பைக்கில் ஏறினேன். இருவரும் வாசற்படியில் நின்று எனக்குக் கைகாட்டினார்கள்.

அவர்களுக்குப் பின்னால், ஆளில்லாத வீட்டுக்குள், ஃபிரிட்ஜ் கதவு மெதுவாக மூடிக்கொண்டது.