மண்செவியின் மேலடுக்கு

மண்செவியை எங்கே நடுவது என்பதிலேயே பெற்றோர் சங்கத்தில் மோதல் தொடங்கிவிட்டது.

மேற்குச் சிட்னியில் மண்செவி இல்லாத பள்ளி அநேகமாக இல்லை. ஆளுயர உலோகத் தண்டு. அடியில் வேர்போல் பிரியும் ஊசிகள், உச்சியில் ஒலிபெருக்கி. அழுத்திச் சொன்ன ஒவ்வொரு சொல்லும் காலடி மண்ணில் மெல்லிய அடுக்காகப் படிகிறது என்று கண்டுபிடித்தவர்கள், அதைத் திரும்பப் பேசவைக்கவும் வழி கண்டிருந்தார்கள். ஒரே தொல்லை, வெங்காயம் உரிப்பதுபோல் மேலிருந்துதான் போக வேண்டும். புதியதைக் கேட்காமல் பழையது திறக்காது. தன் குரலைக் கருவி பொருட்படுத்தாது. ஆனால் அருகில் யாராவது வாய் திறந்தால் அது புதிய மேலடுக்காகிவிடும். கருவி மறுபடி மேலேறி அங்கிருந்து தொடங்கும்.

நல்லிணக்க வாரத்தில் பூர்வகுடிகளின் குரலைப் பிள்ளைகள் கேட்க வேண்டும் என்பது திட்டம். பள்ளியில் இருந்த ஒரே பூர்வகுடிச் சிறுமி மார்லி. அவளுடைய பெரியம்மா ரோண்டாவையும் கூட்டத்துக்கு அழைத்திருந்தார்கள்.

“ஓடைக்கரையில் நடுங்கள்,” என்றாள் ரோண்டா. “எங்கள் ஆட்கள் தங்கிய இடம். இப்போது யாரும் போவதில்லை, மேலடுக்கும் மெல்லியதாக இருக்கும்.”

“அங்கே ஒரே சேறு. கார் நிறுத்தவும் இடமில்லை,” என்றான் சங்கத்தின் துணைத்தலைவன் குகதாசன். “வாசலில் நிற்கும் யூகலிப்டஸ் மரம்தான் இங்கே எல்லாவற்றிலும் பழையது. படத்துக்கும் எடுப்பாக இருக்கும்.”

கைகள் உயர்ந்தன. அந்த நிலத்துக்காரி தோற்றுப்போனாள்.

“தோற்றவளுக்கு முன்வரிசையில் நாற்காலி உண்டுதானே?” என்று கேட்டுவிட்டு எழுந்து போனாள். யாரும் சிரிக்கவில்லை.

அந்த மரத்தடியில்தான் தமிழ்ப் பெற்றோர் மாலையில் பிள்ளைகளுக்காகக் காத்து நிற்பார்கள். சுற்றி நிற்பவர்களுக்கு மொழி தெரியாது என்ற தைரியத்தில் மனதில் உள்ளதையெல்லாம் கொட்டுவார்கள். குகதாசனுக்கு இது நினைவில் இல்லாமல் போயிற்று. முந்நூறு வருடங்களுக்கு முன்பு பேசியவர்களைப் பற்றியே அவன் யோசித்துக்கொண்டிருந்தான்.

விழாவன்று காலை நல்ல குளிர். பிள்ளைகள் புல்லில் உட்கார்ந்து, இந்த மண்ணின் உரிமையாளர்களை வணங்கும் வழக்கமான வாசகத்தை ஒப்பித்தார்கள். குகதாசனின் மகள் சங்கவி மட்டும் உதட்டை அசைக்கவில்லை. ஈஸ்டர் விடுமுறை முடிந்து வந்ததும் மார்லிக்குப் பக்கத்திலிருந்து அவளை இடம் மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து ஆசிரியை ஃபெரலோடு அவள் பேசுவதே இல்லை.

“டீச்சர்தான் மாத்தினவா. நான் என்ன செய்யிறது?” என்று வீட்டில் சொல்லியிருந்தான் குகதாசன். மகள் நம்பியிருந்தாள்.

“இனி யாரும் மூச்சுவிடக் கூடாது,” என்றாள் ஃபெரல். கருவி முனகியது.

முதலில் ஃபெரலின் அந்த எச்சரிக்கையும் பிள்ளைகள் ஒப்பித்த வாசகமும், அடுத்து அவர்களின் கூச்சல். பிறகு கார் நிறுத்துவதற்காக இரு அப்பாக்கள் போட்ட ஆங்கிலச் சண்டை. சத்தமில்லாமல் எல்லோரும் சிரித்தார்கள். அதன் பிறகு புரியாத மொழியில் ஓர் ஆண்குரல் கனத்து எழுந்தது.

“அந்தக் கறுப்பிக்குப் பக்கத்தில என்ர பிள்ளையை இருத்தவேண்டாமெண்டு டீச்சரிட்டச் சொல்லிப்போட்டன். அதுகளோட சேர்ந்தா எங்கட பிள்ளையளும் உருப்படாதுகள்.”

ஃபெரலின் கண்கள் நிறைந்துவிட்டன. ஆதிமொழி என்றே அவள் நினைத்தாள். எல்லோரும் எழும்படி கையசைத்தாள். பெற்றோர் எழுந்து, தொப்பிகளைக் கழற்றி, நெஞ்சில் கைவைத்து நின்றார்கள். குகதாசனும் அப்படியே நின்றான். அன்று வந்திருந்த இன்னொரு தமிழ்த் தாய் வதனி மட்டும் அவன் பக்கம் திரும்பி, பிறகு தன் சப்பாத்தைப் பார்த்துக்கொண்டாள்.

சங்கவி அப்பாவைப் பார்த்தாள். அவள் முகம் கோணத் தொடங்கியது.

அவனுக்குத் தாங்கவில்லை. குனிந்து அவள் காதோடு, “பிள்ளை, அது ஆதிவாசியளின்ர பழைய பாட்டெண்டு சொல்லு. ஒருத்தருக்கும் விளங்காது,” என்றான்.

கருவி முனகி மேலேறியது. அடுத்த கணம் மைதானம் முழுக்க அவன் குரல் அதிர்ந்தது: “பிள்ளை, அது ஆதிவாசியளின்ர பழைய பாட்டெண்டு சொல்லு. ஒருத்தருக்கும் விளங்காது.”

இப்போது எல்லோருக்கும் விளங்கியது. சொல் விளங்காவிட்டாலும், சற்று முன் அந்தக் குரலுக்காகத்தான் எழுந்து நின்றோம் என்பதும், அந்த ஆள் இங்கேதான் நிற்கிறான் என்பதும் விளங்கியது. தொப்பிகள் மெதுவாகத் தலைக்குத் திரும்பின.

ரோண்டா நாற்காலியிலிருந்து எழவே இல்லை. “அது எங்கள் மொழி இல்லை,” என்றாள். “அந்தத் தொனியை மட்டும் நன்றாகத் தெரியும்.”

கருவி அதையும் ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டு மறுபடி கீழே இறங்கியது. பாட்டுப் பொய், கூச்சல், கார்ச் சண்டை, பிறகு மீண்டும் அந்தக் கறுப்பி.

மார்லி எழுந்து வந்து, சத்தமில்லாமல் உதட்டை மட்டும் அசைத்துச் சங்கவியிடம் கேட்டாள்: “உன் அப்பாதானே? என்ன சொல்கிறார்?”

சங்கவி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தாள். காதருகே போய் ஆங்கிலத்தில் முணுமுணுத்தாள். தோழிக்கு மட்டும் சொன்னதாகத்தான் அவள் நினைத்தாள். ஆனால் அழுத்திச் சொல்லிவிட்டாள்.

கருவி மேலேறியது.

“உனக்குப் பக்கத்தில் என்னை உட்காரவைக்க வேண்டாம் என்று டீச்சரிடம் சொன்னது அப்பாதான்,” என்றது ஒலிபெருக்கி, சங்கவியின் சின்னக் குரலில். “டீச்சர் மாற்றினார் என்று என்னிடம் பொய் சொன்னார்.”

ஃபெரல் வெளிறிப்போய் நிறுத்துவிசையைத் தேடினாள். ரோண்டா கைநீட்டி அவளைத் தடுத்து, உதட்டின் மேல் விரலை வைத்தாள். கீழே போகட்டும் என்பதுபோல் தரையைக் காட்டினாள்.

குகதாசன் மகளை நோக்கிக் கையை நீட்டினான். அவள் திரும்பவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தான், உச்சியிலிருந்த ஒலிபெருக்கியைப் பார்த்தான், மூடிக்கொண்டான்.

கருவி மறுபடி இறங்கத் தொடங்கியது. அவனைக் கடந்தாக வேண்டும், வேறு வழியில்லை.