வெள்ளிக்கிழமை ஆறு மணிக் கேக்

சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு சர்ச் சமையல்காரி லுசில் பேகர் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் தெருவைக் கடந்து வந்து தோரா லண்டின் வீட்டுக் கதவைத் தட்டினாள். கையில் சர்ச் சமையலறையின் சாவி இருந்தது. அதை அவள் பிடித்திருந்த பிடியைப் பார்த்தால் யாரோ பிடுங்க வருவதுபோல இருந்தது. உண்மையில் பிடுங்கத்தான் போகிறார்கள்.

"பதினொன்றரைக்கு என்னை வேலையை விட்டுத் தூக்கப் போறாங்க. அதுக்குள்ள நீங்க ஒரு தடவை வந்து பார்க்கணும்" என்றாள்.

தோரா முப்பது வருஷம் மாவட்டச் சுகாதாரத் துறையில் ஹோட்டல் சமையலறைகளைச் சோதித்தவர். மினசோட்டா மாநிலத்தின் பாதி சமையல்காரர்கள் அவரைக் கண்டால் கைகழுவப் போவார்கள். அவர் காபிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, "முதல்ல உட்காரும்மா. என்ன ஆச்சு?" என்று கேட்டார்.

"மிஸஸ் ஹால்வர்சனோட கேக் தரையில கவிழ்ந்து கிடக்கு. நான்தான் தள்ளிவிட்டேனாம்."

பக்கத்து வீட்டு ஆர்வில், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர், காலைக் காபிக்கென்று அங்கேதான் இருந்தார். துப்பறிவது என்றால் அவருக்குச் சாப்பாட்டுக்கு அடுத்தபடி உயிர். "சம்பவ இடத்துக்குப் போவோம்" என்று தொப்பியை எடுத்துக்கொண்டார்.

போகிற வழியில் லுசில் எல்லாவற்றையும் சொன்னாள். எங்கள் ஊரில் ஜூலை மாதப் புல்வெளி விருந்துக்கு ஒரு சட்டம் உண்டு. வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்குள் சர்ச் பிரிட்ஜில் இல்லாத பண்டம் சனிக்கிழமை மேசைக்கு வராது. வெயில் நாளில் விருந்தன்று அடுப்படியில் வேகக் கூடாது, முந்தின நாளே செய்து குளிரவைத்து, மறுநாள் எடுத்து நீட்ட வேண்டும் என்பதற்காக மாதர் சங்கத் தலைவி வெர்னா ஹால்வர்சன் போட்ட சட்டம். யோசனை நல்லதுதான். அதை அவர் நடத்திய விதம்தான் ஆகாது. போன வருஷம் எட்னா கிரிக்ஸ் கணவனை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்த களைப்பில் பீன்ஸ் சாலட்டை சனிக்கிழமை காலையில் கொண்டுவந்தாள். அத்தனை பேர் முன்னால் கிண்ணத்தோடு திருப்பி அனுப்பினார் வெர்னா. யாரும் வாய் திறக்கவில்லை. எங்களுக்கு வெட்கமில்லை, வேறென்ன சொல்ல?

"நேத்து மத்தியானம் எனக்கும் அவங்களுக்கும் சண்டை. நான் பிஸ்கட் அடுக்கி எலுமிச்சை க்ரீம் போட்டு ஒண்ணு செஞ்சேன். தன்னோட சாக்லேட் பிஸ்கட் கேக்கைப் பார்த்துக் காப்பியடிச்சேன்னாங்க. உங்க கேக் இல்லாமயும் விருந்து நடக்கும்னு சொல்லிட்டேன். பத்துப் பேர் காதுல விழுந்துச்சு. அஞ்சரைக்குப் பூட்டிட்டு வந்துட்டேன். ஆறு மணிக்கு அவங்க சாவியில திறந்து கேக்கை வச்சாங்களாம்."

"இன்னிக்குக் காலையில?"

"எட்டு மணிக்கு முன்வாசல் திறந்து, புல்வெளியில மேசை போட்டுக்கிட்டிருந்தேன். ஒன்பதுக்குச் சமையலறைக்குள்ள வந்தா கேக் தரையில, அவங்க பக்கத்துல. 'இதுக்குத்தானா சாவி குடுத்தோம்'னு கத்துறாங்க."

"பாஸ்டர் என்ன சொல்றார்?"

"பதினொன்றரைக்குள்ள எல்லார் முன்னாடியும் ஒரு சாரி சொல்லிடு, வேலையும் சர்ச் பின்கட்டு வீடும் உனக்கேன்னு சொல்றார். நான் மாட்டேன்." லுசில் நின்றாள். "அந்த வீட்டை விட்டா எனக்குப் போக்கிடம் இல்ல. வண்டியில படுத்துக்குவேன். செய்யாததுக்குச் சாரி மட்டும் என் வாயில வராது."

தோரா அவளை ஒருமுறை நன்றாகப் பார்த்தார். பிறகு நடையை எட்டிப் போட்டார்.

சமையலறையில், பாஸ்டர் சொன்னபடி, எதையும் யாரும் தொடவில்லை. பின்கதவுக்கும் பிரிட்ஜுக்கும் நடுவே நீளமான கண்ணாடிப் பாத்திரம் பக்கவாட்டில் கிடந்தது. பாதிக் கேக் தரையில் சிதறியிருந்தது, பாதி பாத்திரத்தோடு ஒட்டியிருந்தது. அடியில் ஒட்டிய டேப்பில் 'வெர்னா ஹெச்.' என்று பேனாவால் எழுதியிருந்தது.

"ஆர்வில், அந்த எலுமிச்சை ஜூஸ் ஜாடியைக் கொஞ்சம் பிரிட்ஜுக்குள்ள வையேன். வெயில்ல சூடாகுது" என்றார் தோரா.

ஆர்வில் பிரிட்ஜைத் திறந்தார். மஞ்சள்கரு பிசைந்து நிரப்பிய முட்டைத் தட்டுகள், வெள்ளரி சாலட், மூன்று நிற ஜெல்லி, லுசிலின் எலுமிச்சைப் பண்டம் என எல்லாம் தோளோடு தோள் இடித்து நின்றன. அவர் ஜாடியை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"எங்க வைக்கிறது? கையைக்கூட நுழைக்க முடியல. இதுல எதையாவது நான் தின்னாத்தான் உண்டு."

"வேணாம், வெளியவே இருக்கட்டும்."

தோரா குனிந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது பின்னால் 'நறுக்' என்று ஒரு சத்தம். திரும்பினால், ஆர்வில் பாத்திரத்தில் ஒட்டியிருந்த கேக்கில் ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டிருந்தார்.

"சாட்சியத்தையா திங்கிறே?"

"தரையில பட்டதை நான் தொடல" என்றார் ஆர்வில், தாடையைத் தடவியபடி. "ருசி என்னவோ நல்லாத்தான் இருக்கு. ஆனா என் பல்செட்டுக்கு ஆகாது. கழண்டுக்கப் பார்த்துச்சு."

தோரா நிமிர்ந்து அவர் தாடையைப் பார்த்தார். பிறகு ஒரு முள்கரண்டியை எடுத்துப் பாத்திரத்துக் கேக்கில் குத்தினார். பிரிட்ஜைத் திறந்து எதையோ குத்திப் பார்த்தார். கரண்டியைக் கழுவி வைத்துவிட்டு, "பாஸ்டரைக் கூப்பிடு. சங்கத்துக்காரங்களையும்தான்" என்றார்.

பத்தே கால் மணிக்கு எல்லோரும் சமையலறையில் கூடினார்கள். வெர்னா முத்துமாலையோடு முன்னால் நின்றார். பாஸ்டர் டால் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். லுசில் சாவியை மேசை நடுவில் வைத்துவிட்டுக் கைகளைக் கட்டிக்கொண்டாள்.

"லுசில், ஒரே ஒரு வார்த்தை. எல்லாருமே நிம்மதியா சாப்பிடப் போகலாம்" என்று பாஸ்டர் கெஞ்சினார்.

"நிம்மதி உங்களுக்கு, பாஸ்டர். பழி எனக்கு. சொல்ல மாட்டேன்."

"திமிரைப் பார்த்தீங்களா?" என்றார் வெர்னா.

தோரா குறுக்கே வந்தார். "வெர்னா, உன் கேக்கைப் பத்தி ஊரே பேசுது. எப்படிச் செய்வேன்னு இவங்களுக்குச் சொல்லேன்."

இந்தக் கேள்விக்கு வெர்னா பதில் சொல்லாமல் இருந்ததே கிடையாது. "அது ரொம்ப சுலபம். அடுப்பே வேணாம். சாக்லேட் பிஸ்கட்டை வரிசையா அடுக்கி நடுநடுவுல க்ரீம் பூசணும். ராத்திரி முழுக்க பிரிட்ஜுல இருக்கணும், அதுதான் ரகசியம். க்ரீமோட ஈரத்துல பிஸ்கட் ஊறி, காலையில கத்தி போட்டா பஞ்சு மாதிரி இறங்கும்."

"நேத்து ஆறு மணியிலேர்ந்து இன்னிக்குக் காலை வரைக்கும் ஊறியிருக்கு?"

"ஆமா. பதினஞ்சு மணி நேரம்."

தோரா முதலில் லுசிலின் எலுமிச்சைப் பண்டத்தை எடுத்து மேசையில் வைத்தார். முள்கரண்டி சத்தமில்லாமல் அடிவரை இறங்கியது. "இது நேத்து மத்தியானம் செஞ்சது. பிஸ்கட் எங்கேன்னே தெரியல." அடுத்து வெர்னாவின் பாத்திரத்தை எடுத்து வைத்து அதே கரண்டியால் குத்தினார். 'நறுக்' என்ற சத்தம் கடைசியில் நின்றவருக்கும் கேட்டது.

"இது பதினஞ்சு மணி நேரம் ஊறின பிஸ்கட் இல்ல. ரெண்டு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஆர்வில் பல்செட்டைக் கேளுங்க."

ஆர்வில் பெருமையோடு தாடையைத் தொட்டுக் காட்டினார்.

"இன்னொண்ணு" என்றார் தோரா. "இந்தப் பாத்திரம் முழங்கை நீளம். ராத்திரி பூரா பிரிட்ஜுல இருந்து, அதை யாரோ இழுத்துத் தள்ளியிருந்தா, அந்த நீளத்துக்கு ஒரு காலி இடம் இருக்கணும். ஆர்விலுக்கு ஒரு ஜாடி வைக்க இடம் கிடைக்கல. கேக் பிரிட்ஜுலேர்ந்து விழல, பாஸ்டர். பிரிட்ஜுக்கே போய்ச் சேரல. பின்கதவு வழியா வந்து, வைக்க இடம் தேடின கையிலேர்ந்து விழுந்திருக்கு. பின்கதவுச் சாவி இருந்தது ரெண்டு பேர்கிட்ட. ஒருத்தி அப்போ புல்வெளியில மேசை போட்டுக்கிட்டிருந்தா."

வெர்னாவின் முகத்தில் ஈயாடவில்லை. முத்துமாலையை விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"மறந்துட்டேன்" என்றார் கடைசியில். "காலையில எட்டு மணிக்குத்தான் ஞாபகம் வந்துச்சு. முப்பது வருஷத்துல ஒரு தடவைகூட நான் மறந்ததில்ல. அவசரமா அடுக்கி எடுத்துட்டு வந்தேன். அத்தனை பேரைத் திருப்பி அனுப்பிட்டு, நானே சனிக்கிழமை காலையில பாத்திரத்தோட நின்னா... வயசாகிடுச்சு, இவளால முடியலன்னு சொல்லுவாங்கல்ல? பாத்திரம் கை நழுவிடுச்சு. இவ உள்ளே வந்தா. வாயில என்ன வந்துச்சோ அதைச் சொல்லிட்டேன்."

பாவமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தப் பாவத்துக்கு இன்னொருத்தியின் சோற்றில் கைவைப்பதா? பாஸ்டர் அவசரமாகச் சிரித்தார்.

"சரி, எல்லாம் தெளிவாயிடுச்சு. லுசில், சாவியை எடுத்துக்கோம்மா. நடந்ததை மறந்துடுவோம்."

லுசில் சாவியைத் தொடவில்லை.

"நான் வச்சேன். நான் எடுக்க மாட்டேன். அவங்க எடுத்து என் கையில குடுக்கணும். இங்க இல்ல, புல்வெளியில. இந்தப் பழியைக் கேட்ட காது எல்லாம் அதையும் கேட்கணும்."

"விருந்தாளிங்க வந்துட்டாங்களே..."

"அதனாலதான், பாஸ்டர்."

பாஸ்டர் தோராவைப் பார்த்தார். தோரா கூரையைப் பார்த்தார். மேசையைச் சுற்றி நின்றவர்களில் ஒருவரும் பாஸ்டருக்கு உதவிக்கு வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து வெர்னாவே கைநீட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தார்.

புல்வெளியில் அறுபது பேர் இருந்தார்கள். வெர்னா நடுவில் நின்று, சங்கக் கூட்டத்தில் பேசும் அதே குரலில், "கேக்கைக் கீழே போட்டது நான். லுசில் மேல சொன்னது பொய்" என்றார். குரல் உடையவில்லை. அதற்காக அவரை மெச்சத்தான் வேண்டும். சாவியை லுசிலின் உள்ளங்கையில் வைத்தார். லுசில் அதை மூடிக்கொண்டாள். நன்றி சொல்லவில்லை, சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பிறகு அவள் வண்டிகள் நின்ற பக்கம் திரும்பினாள். அங்கே எட்னா கிரிக்ஸ் காருக்குள் மடியில் மூடிய கிண்ணத்தோடு, இறங்குவதா வேண்டாமா என்று உட்கார்ந்திருந்தாள்.

"எட்னா, அதுல என்ன, பீன்ஸ் சாலட்டா?"

"இன்னிக்குக் காலையிலதான் செஞ்சேன், லுசில். நேத்து முடியல."

"நான் அதைக் கேட்கல" என்றாள் லுசில். "இறங்கி வாங்க. நடு மேசையில இடம் இருக்கு."

எட்னா வெர்னாவைப் பார்த்தாள். வெர்னா ஒரு கணம் நின்றார். பிறகு மேசைக்குப் போய், தன் கேக்குக்காக ஒதுக்கி வைத்திருந்த பூவேலைத் துணியைத் தானே நீவிவிட்டு, கிண்ணத்தை வாங்கக் கைகளை நீட்டினார்.