விற்ற வீட்டின் ஈரச்சுவர்

சுவர் நனைந்திருந்தது, ஆனால், ஈரம் உறிஞ்சும் இயந்திரத்தின் தொட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட இல்லை. மழைக்குப் பஞ்சமே இல்லாத கீலுங் துறைமுக நகரில் அந்த இயந்திரம் உறுமாத வீடு கிடையாது; அதன் தொட்டியைக் கவிழ்ப்பது, பாத்திரம் துலக்குவதைப் போல அன்றாட வேலை. பீயுன் தொட்டியை வெளியே இழுத்துப் பார்த்தாள். அடிப்பக்கம் தூசி படிந்து கிடந்தது. தெருவைப் பார்த்த கூடத்துச் சுவரிலோ, ஜன்னலுக்குப் பக்கத்தில், ஆள் முகத்தின் உயரத்தில், கைக்குட்டையளவாக இருந்த ஈரம் இப்போது தட்டளவாக அகன்றிருந்தது. உள்ளங்கையை வைத்தாள். குளிர்கால மழையில் ஊறிய சுவர் சில்லென்றிருக்க வேண்டும். அது வெதுவெதுப்பாக இருந்தது. கையில் ஒட்டிய ஈரத்தை முகர்ந்தாள். ரப்பரும் இருமல் மருந்தும் நெடுநாள் பேசாத வாயும் கலந்த வாடை.

சுங்க அலுவலகத்தில் காலமெல்லாம் கோப்புகளோடு உழன்று ஓய்வுபெற்றவள் அவள். தனியாக வாழ்ந்து முடிக்க இந்த மூன்றாம் மாடி வீடு போதும் என்று வாங்கினாள். பத்திரம் அவள் பெயருக்கு மாறியது. சாவியும் கைக்கு வந்தது. குடிபுகுந்த சில நாள்களிலேயே சுவர் கசியத் தொடங்கியது. விற்றவர் மறைத்த குறையை வாங்கியவள் ஏன் சுமக்க வேண்டும்? விற்பனையையே செல்லாததாக்கக் கோரி, வீட்டை விற்ற தூ என்பவர்மீது வழக்குத் தொடுத்தாள். நியாயம் என்பது கேட்டவுடன் கிடைக்கும் பொருள் என்று அப்போது நம்பியிருந்தாள்.

ஆய்வாளர்கள் வந்தார்கள். மொட்டைமாடியில் சாயத்தண்ணீர் ஊற்றினார்கள், குழாய்களைத் தட்டினார்கள், கருவிகளைச் சுவரில் அழுத்தினார்கள். அந்தச் சுவரில் குழாயே ஓடவில்லை, வெளிப்பூச்சிலும் விரிசல் இல்லை, ஆகவே கசிவு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். எழுதியவர்களின் விரல்கள் எழுதும்போதே நனைந்திருந்தன. கண்ணெதிரே இருப்பதைக் காரணம் தெரியவில்லை என்பதற்காக இல்லையென்று எழுதுவதற்குப் பெயர் ஆய்வாம்.

நீதிமன்றம் இருவரையும் சமரசக் குழுவுக்கு அனுப்பியது. தூ அறுபதைக் கடந்தவர். எப்போதும் நனைந்தே வருபவர். தம் தகப்பனார் வாழ்ந்தவரை அந்தச் சுவர் காய்ந்தே இருந்தது என்று முன்பு சொன்னதையே அன்றும் சொன்னார்.

"அப்ப, நான் குடி வந்ததப் பாத்து சுவரு அழுவுதா?" என்று கேட்டாள் பீயுன்.

"ஆளுக்கு ஒரு வாய் டீ குடிங்க," என்றார் சமரசக்காரர். "சுவரு எங்கயும் ஓடிடாது."

எதுவும் முடிவாகவில்லை. வெளியே, குடைகள் சொட்டிக்கொண்டிருந்த நடையில், தூ அவளை வழிமறித்து, அதுவரை மறைத்ததைச் சொன்னார். அவருடைய தகப்பனாருக்குத் தெரியாமல்தான் வீடு விற்கப்பட்டது. கிழவர் அப்போது மருத்துவமனையில் கிடந்தார். இனிப் பிழைக்கமாட்டார் என்றதும், எல்லாரும் செய்வதுபோல, கடைசி மூச்சை வீட்டில் விடட்டும் என்று ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஒருவன் ரப்பர்ப் பையை அழுத்தி அழுத்தி மூச்சை ஊட்டிக்கொண்டே வந்தான். பாலம் வந்தால் பாலம் என்றும், திருப்பம் வந்தால் திருப்பம் என்றும் தூ காதில் சொல்லிக்கொண்டே வந்தார். கொண்டுபோய்க் கிடத்தத்தான் வீடு இல்லை.

"கீழ ரோட்டுலயே வண்டிய நிறுத்தி, 'வீட்டுக்கு வந்துட்டோம்ப்பா'ன்னு சொல்லிப் பைய எடுக்கச் சொன்னேன். மாடிக்குத் தூக்கிட்டு வர எனக்கு என்ன உரிமை? வித்தாச்சே. ஆனா அவரு நம்பலம்மா. கண்ணு மேல உங்க ஜன்னலயே பாத்துட்டிருந்துச்சு. பின்னாடி ஒரு சாமான் வண்டி ஹாரன் அடிச்சிட்டே இருந்துச்சு."

அந்தச் சாமான்கள் பீயுனுடையவை. அன்று அதே ஜன்னலிலிருந்து எட்டிப் பார்த்து, 'வண்டிய எடுக்கச் சொல்லு' என்று கத்தியவளும் அவளே. அதை அவள் தூவிடம் சொல்லவில்லை.

"அவரு இன்னும் வெளியவே நிக்கிறாரும்மா," என்றார் தூ. "வீடு யார் பேர்ல இருக்கோ அவங்கதான் கூப்பிடணும். நான் கூப்பிட்டா செல்லாது. கதவத் தொறந்து, 'இது உங்க வீடு, உள்ள வாங்க'ன்னு ஒரே ஒரு தடவ சொல்லுங்க."

"கோர்ட்டுல குறையே இல்லன்னு சாதிச்சிட்டு, வாசல்ல வந்து பேய்க்கதை சொல்றீங்க. வெக்கமா இல்ல?"

"வெக்கமாத்தாம்மா இருக்கு," என்றார் தூ. குடையை விரிக்காமலே மழையில் இறங்கி நடந்தார்.

வீடு திரும்பியபோது மழையிருட்டு பிற்பகலிலேயே கவிந்துவிட்டது. இஞ்சி தட்டிப் போட்ட சூப்பை அடுப்பிலேயே விட்டுவிட்டு, ஈரமான காலுறைகளைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்தாள் பீயுன். கூரையில் மழை, இயந்திரத்தின் உறுமல், எங்கோ துறைமுகத்தில் கப்பலொன்றின் சங்கு. இவற்றுக்கெல்லாம் அடியில், இத்தனை மாதங்களாகக் குழாய்ச் சத்தம் என்று தன்னையே ஏமாற்றிக்கொண்டுவந்த அந்த ஒலி கேட்டது. ரப்பர் கசங்கும். விரியும். மீண்டும் கசங்கும். சுவருக்கு உள்ளேயிருந்து அல்ல. வெளிப்புறத்திலிருந்து. கால் வைக்க இடமில்லாத அந்த உயரத்தில், யாரோ சுவரில் வாயைப் பதித்து மூச்சு விட்டுக்கொண்டிருப்பதுபோல.

இனி இன்னோர் ஆய்வாளர் வருவார். இன்னொரு கோப்பை டீ வரும். மறுபடியும் அதே கேள்வி, அதே பதில். அவளுக்கு அச்சத்தைவிடச் சலிப்பே பெரிதாக இருந்தது. தூங்க வேண்டும், வேறொன்றும் வேண்டாம். எழுந்தாள். இரும்புக் கதவைத் திறந்தாள். படிக்கட்டு இருண்டிருந்தது. கீழே கேட்க வேண்டுமே என்று நடையில் இறங்கி, கைப்பிடியில் சாய்ந்து, தனக்கே நாணும் குரலில் சொன்னாள்:

"இது உங்க வீடு. உள்ள வாங்க."

ரப்பர் ஒலி நின்றது.

வெதுவெதுப்பான ஏதோ ஒன்று அவள் தோளை ஒட்டிக் கடந்தது. கூடத்தில் இயந்திரம் செருமியது. அதன் தொட்டியில் தண்ணீர் விழத் தொடங்கியது. சொட்டாக. பிறகு தாரையாக. திறந்த கதவின் வழியே பார்த்தாள். சுவர் மேலிருந்து கீழாக வெளுத்துக் காய்ந்துகொண்டிருந்தது. இத்தனை நாளும் இவ்வளவுதானா என்று அவளுக்கு அழுகை வந்தது.

கதவு மூடிக்கொண்டது.

அறைந்து சாத்திக்கொள்ளவில்லை. வீட்டுக்காரர் விளக்கு வைத்த பிறகு மூடுவதைப் போல, மெதுவாக. தாழ்ப்பாள் விழுந்தது.

சாவி உள்ளே. மணியை அழுத்தினாள். உள்ளே செருப்பு தேய்ந்து தேய்ந்து வந்தது. அவளுடைய செருப்பு. கதவிலிருந்த சிறுதிறப்பின் மூடி விலகியது. அதில் இருட்டு மட்டுமே தெரிந்தது.

"யாரு? யார் வேணும்?" முதிய குரல். மரியாதையான குரல்.

இது என் வீடு என்று சொல்ல வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. மூச்சே வரவில்லை.

ரப்பர் கசங்கியது. அவள் மார்பு உயர்ந்தது.

விரிந்தது. தாழ்ந்தது.

அவள் உயர்த்தவில்லை. அவள் தாழ்த்தவில்லை.

"யாரோ தெரியல," என்றது உள்ளிருந்த குரல், தனக்குப் பின்னால் நின்ற யாரிடமோ. "வண்டிய எடுக்கச் சொல்லு."

சிறுதிறப்பு அடைபட்டது. கீழே தெருவில் ஹாரன் விடாமல் ஒலித்தது. பீயுன் கதவில் முகத்தைப் பதித்து நின்றாள். கசங்கியது. விரிந்தது. அவள் வாய் பட்ட இடத்தில், குளிர்ந்த இரும்பின்மேல், கைக்குட்டையளவு ஈரம் வெதுவெதுப்பாகப் படர்ந்தது.