நடுச்சுவரில் நான்கு அடி

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. முதுகை மட்டும் சுவரில் சாய்க்காதீர்கள். ஏன் என்று இப்போது கேட்க வேண்டாம், கதை முடியும்போது நீங்களே நகர்ந்து உட்காருவீர்கள். ஒரு கதை சொல்லப்போகிறேன். பாதியில் எழுந்து போனால் மீதிக் கதை உங்களைத் தேடிக்கொண்டு வரும், அதனால் இருந்து கேட்டுவிடுங்கள்.

ஒருத்தி இருந்தாள். வீடுகளுக்குப் பிளான் வரைகிற ஆபீஸில் பதினொரு வருஷமாக வேலை. ஆபீஸில் அவளுக்கு அளவுக்காரி என்று பேர். கைப்பையில் சீப்பு இல்லாமல் வெளியே போவாள், அளக்கிற டேப் இல்லாமல் போகமாட்டாள். மருந்துக்கடை வைத்திருந்த அவள் புருஷன், தன்னைப் பெண் பார்க்க வரச்சொல்லிவிட்டு அவள்தான் தன்னை அளந்து பார்த்துச் சம்மதித்தாள் என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பான். அவர்களுக்கு ஒரே மகள். ஏழு வயது. சிட்டு என்று கூப்பிடுவார்கள். மாதத்துக்கு ஒருதரம் அவளைக் கதவு நிலையில் நிறுத்தித் தலைக்குமேல் பென்சிலால் கோடு போடுவாள் அம்மாக்காரி. கடைசிக் கோடு மூன்றடி பத்தங்குலம்.

சிட்டுவுக்கு ஒரு குறை. தூக்கத்தில் எழுந்து நடப்பாள். கண் திறந்திருக்கும், பார்வை இருக்காது. ஒருமுறை தெருவைத் தாண்டி லாரி நிற்கிற இடம்வரை போய்விட்டாள். அன்றிலிருந்து வீட்டில் எத்தனை கதவு, எந்தத் தாழ்ப்பாள் எந்தப் பக்கம் என்பது தாய்க்கு மனப்பாடம்.

பள்ளிக்கூட விடுமுறைக்கு நான்கு நாள் ஒரு பழைய கடற்கரை ஊருக்குப் போவது என்று முடிவாயிற்று. கோட்டையும் கலங்கரை விளக்கமும் துருப்பிடித்த பீரங்கிகளும் உள்ள ஊர். இருநூறு வருஷத்துக் கல்வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். வீட்டுப் படியிலிருந்து எண்பது எட்டு வைத்தால் கடல். அந்த எண்பது எட்டைத்தான் அவள் மறுபடி மறுபடி கணக்குப் போட்டாள். பிள்ளை படுக்கிற அறைக்கு ஒரே கதவுதான் இருக்க வேண்டும், அந்தக் கதவும் தாங்கள் படுக்கிற அறைக்குள்தான் திறக்க வேண்டும். அதனால் முன்னாலேயே பிளான் வரைந்து பார்த்துவிட, அந்த வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரிடம் போனில் கெஞ்சி, உள்ளேயும் வெளியேயும் அளந்து சொல்லச் சொன்னாள். அவரும் முகம் சுளிக்காமல் அளந்து சொன்னார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். புருஷன் கடையில். சிட்டு உள் அறையில் மஞ்சள் போர்வைக்குள் சுருண்டு தூங்குகிறாள். மின்விசிறி சுற்றுகிற சத்தம், பக்கத்து வீட்டுக் குழாயில் வாளி நிறைகிற சத்தம், சாப்பாட்டு மேசைமேல் விரித்த டிரேசிங் தாளில் மைப்பேனா ஊர்கிற சத்தம். ஆபீஸில் கம்ப்யூட்டர் வந்து எத்தனையோ காலமாகியும் சொந்தக் காரியத்துக்கு அவளுக்குப் பேனாதான். வெளிச்சுவர் நீளம் முப்பத்தாறு அடி. பெரிய அறை பதினாலு, சின்ன அறை பதினைந்து. சுவர் ஒவ்வொன்றும் ஒரு அடி, ஆக மூன்று. கூட்டினாள். முப்பத்திரண்டு.

நான்கு அடியைக் காணோம்.

பெரியவரைக் கூப்பிட்டு மறுபடி அளக்கச் சொன்னாள். அலைச் சத்தத்துக்கு நடுவே டேப் சரசரவென்று இழுபடுவதும், சுவரை ஒட்டி அவர் மூச்சு வாங்குவதும் கேட்டது. அதே கணக்கு. நடுச்சுவர் பக்கம் மட்டும் சீக்கிரமாக முடித்துக்கொண்டார்போல அவளுக்குத் தோன்றியது.

பழைய வீடு, நடுவில் ஒரு மூன்றடிச் சாமான் அறை இருக்கும், வாடகை விளம்பரத்துப் படத்தில் விழவில்லை என்று தேற்றிக்கொண்டு இரண்டு அறைக்கும் நடுவே இரட்டைச் சுவரை வரைந்தாள். இந்த இடத்தில்தான் கண்ணுகளா, பதினொரு வருஷத்துப் பழக்கம் அவளைக் காட்டிக்கொடுத்தது. அவர்கள் ஆபீஸில் ஒரு விதி. நாலு பக்கமும் மூடின இடத்தைக் கதவில்லாமல் வரைந்தால் பிளான் திரும்பி வந்துவிடும். மனசு சிட்டுவின் கட்டிலை எங்கே போடுவது என்று யோசித்துக்கொண்டிருக்க, கை தன்பாட்டுக்கு அந்த மூடின இடத்துக்கு ஒரு கதவை வைத்தது. இரண்டரை அடிக் கதவு. எந்தப் பக்கம் திறக்கும் என்று காட்ட ஒரு கால்வட்டக் கோடு. கோடு சின்ன அறைக்குள் திரும்பியிருந்தது. அதன் எதிரே கட்டிலை வரைந்து, கட்டிலுக்குள் சிட்டு என்று எழுதினாள். தாளைப் படமெடுத்து, இது சரிதானா என்று கேட்டுப் பெரியவருக்கு அனுப்பினாள்.

வாளி நிறைகிற சத்தம் நின்றுவிட்டிருந்தது. வீட்டுக்குள் எங்கிருந்தோ ஈரச் சுண்ணாம்பு வாடை வந்தது. அதற்குள் உப்பு. அதற்குள் இன்னொன்று, மழைநாளில் மூடியே கிடந்த பெட்டியிலிருந்து குழந்தைத் துணியை எடுத்தால் வருமே, அப்படி ஒரு புளித்த வாடை.

போன் அடித்தது. பெரியவர்தான். குரல் இறங்கியிருந்தது.

"கதவு வச்சுக் குடுத்துட்டீங்களேம்மா."

"அது சாமான் ரூம்தானேங்கய்யா?"

"இந்த வீட்டுல அதுக்குக் கதவே கெடையாதும்மா. வைக்கக் கூடாதுன்னு எனக்கு முன்னாடி இருந்தவர் சொல்லிட்டுப் போனார். நான் சுண்ணாம்பு மட்டும் அடிப்பேன்."

"உள்ள என்ன இருக்கு?"



"பசங்க," என்றார். "ஊர்ல நோய் வந்த காலத்துல உள்ள வச்சுக் கட்டின பசங்க."

போனை வைத்துவிட்டு, விளம்பரத்தில் போட்டிருந்த அந்தச் சின்ன அறைப் படத்தைத் தேடி எடுத்தாள். நூறுதரம் பார்த்த படம். வெள்ளைச் சுவர், மரக்கட்டில், ஜன்னலில் ஒரு துண்டுக் கடல். இப்போது அந்த வெள்ளைச் சுவரில் ஒரு கதவு இருந்தது. இரண்டரை அடி. விரலளவு திறந்து.

அவளுக்குத் தெரிந்தது ஒரே வைத்தியம். மைக்கோட்டில் பிழை வந்தால் பிளேடால் சுரண்டுவார்கள். எடுத்தாள் பிளேடை. கதவையும் கால்வட்டத்தையும் சுரண்டிச் சுரண்டி, தாள் வெங்காயத் தோலாக மெலிந்து பின்னாலிருந்த மேசை தெரிகிறவரை சுரண்டினாள். இரண்டு பக்கத்துச் சுவர்க்கோட்டையும் இழுத்துச் சேர்த்தாள். படத்தைப் பார்த்தாள். வெள்ளைச் சுவர். கதவு இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

விட்ட மூச்சு பாதியில் நின்றது. படத்துக் கட்டில்மேல் மஞ்சளாக ஏதோ சுருண்டிருந்தது. போர்வை.

உள் அறைக்கு ஓடினாள். கட்டில் காலி. தலையணையில் குழந்தையின் தலை அழுத்திய பள்ளம் இன்னும் மேலெழும்பவில்லை. தரையில் சின்னச் சின்ன ஈரக் காலடிகள். கட்டிலிலிருந்து கிளம்பி, அவசரமில்லாமல், தூக்கத்தில் நடக்கிற பிள்ளையின் தளர்ந்த நடையில், நேரே எதிர்ச் சுவருக்குப் போயிருந்தன. கடைசிக் காலடியில் முன்பாதி இல்லை. சுவர் அதை வெட்டியிருந்தது.

வாசல் கதவு தாழிட்டபடி. ஜன்னலில் கம்பி. கட்டிலடி, அலமாரி, குளியலறை. இல்லை. டேப்பை உருவி அறையை அளந்தாள். பதினோரு அடி இருந்த அறை.

ஏழு.

சுவரில் காதை வைத்தாள். குளிர்ச்சி. வெகுதூரத்தில் அலை. அப்புறம், காதுக்கு நேராக, ஒரு செங்கல் தூரத்தில்,

"அம்மா, இருட்டா இருக்கு."

கத்தினாள், சுவரை அடித்தாள், அம்மிக் குழவியைத் தூக்கிவந்து மோதினாள். பூச்சு உதிர்ந்தது. உள்ளே தெரிந்தது தன் வீட்டுச் செங்கல் இல்லை, கறுத்த கல். மறுபடி பெரியவருக்குப் போன் போட்டாள்.

"கதவை அழிச்சுட்டீங்களா?" என்று அவராகவே கேட்டார். "பாப்பா உள்ள போனதுக்கப்புறமா அழிச்சீங்க?"

அவள் கண் சுரண்டின தாளுக்குப் போயிற்று.

"திருப்பி வரைஞ்சா பாப்பா வரும்மா. ஆனா அதை மட்டும் தனியா வெளிய எடுக்க முடியாது."

"எத்தனை பேருங்கய்யா இருக்காங்க?"

"எண்ணினவங்க யாரும் இல்லைம்மா."

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள் கண்ணுகளா? பதில் சொல்ல வேண்டாம். பெற்றவள் வேறென்ன செய்வாள். பேனாவை எடுத்தாள். சுரண்டின இடத்திலேயே, முன்பு வைத்த அதே இடத்திலேயே, இரண்டரை அடிக்குக் கதவை வரைந்தாள்.

அவசரத்தில் ஒன்றை மறந்துவிட்டாள். முதல் வருஷத்துப் பிள்ளைக்குக்கூடத் தெரியும் அது. சுரண்டி மெலிந்த தாளில் மை நிற்காது. ஊறும். அவள் கண்முன்னாலேயே கோடு தடித்தது. கசிந்தது. இரண்டரை அடி மூன்றாயிற்று. நான்காயிற்று. ஒற்றுத்தாளை வைத்து அழுத்தினாள். ஒற்றுத்தாளையும் தாண்டி ஊறியது.

உள் அறையில் கல் நகர்கிற சத்தம்.

சுவரில் கறுப்பாக ஒரு திறப்பு. வாடை முகத்தில் அறைந்தது. இருட்டிலிருந்து ஒரு சின்னக் கை வந்தது. சிட்டுவின் கை. கட்டைவிரலில் தழும்பு. பிடித்து இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள். குளிர்ந்திருந்தாள். ஆனால் சிட்டுதான். மூக்கு, நெற்றி, உச்சியில் நிற்கிற அந்த ஒற்றை மயிர். அம்மா என்றாள்.

பின்னாலிருந்து இன்னொரு குரல். அம்மா.

திரும்பினாள். சிட்டு. கட்டைவிரலில் தழும்பு.

அவளுக்குப் பின்னால் இன்னொரு சிட்டு.

இன்னொன்று.

எல்லாருக்கும் கண் திறந்திருந்தது. பார்வை இல்லை. ஒவ்வொருத்தியாக வந்து வரிசையில் நின்றார்கள். பிள்ளை தூங்குவதற்கு முன் தன்னிடம் என்ன சொன்னாள் என்று கேட்டாள் தாய். எல்லாரும் சேர்ந்து சொன்னார்கள். சரியாகச் சொன்னார்கள்.

சாயங்காலம் புருஷன் வந்து, தன் சாவியால் கதவைத் திறந்தான். விளக்குப் போடவில்லை. தரையெல்லாம் தண்ணீர். அளவுக்காரி முட்டிபோட்டு உட்கார்ந்திருந்தாள். கையில் டேப். கதவு நிலைக்கு எதிரே ஒருத்தியை நிறுத்தி, உச்சந்தலையிலிருந்து குதிகால்வரை அளந்து, நகர்த்திவிட்டு, அடுத்தவளைக் கூப்பிட்டாள். மூன்றடி பத்தங்குலம். அடுத்தவள். மூன்றடி பத்தங்குலம். அடுத்தவள். வரிசை உள் அறைவரை போயிற்று. அறையைத் தாண்டிச் சுவருக்குள் போயிற்று. சுவருக்குள் அதன் முடிவு தெரியவில்லை.

"பேசாதீங்க," என்றாள் அவன் பக்கம் திரும்பாமல். "எண்ணிக்கை தப்பிடும்."

அவ்வளவுதான் கதை. உங்கள் வீட்டுச் சுவர்கள் சுவர்களாகவே நிற்கட்டும் கண்ணுகளா. நீங்கள் படுக்கவைக்கிற பிள்ளைகள் காலையில் எண்ணிக்கை குறையாமல் எழுந்து வரட்டும். ஒன்றுகூடக் கூடாமலும் எழுந்து வரட்டும்.