இடப்பக்கம் திரும்பினால் உறுமும் மோட்டார்

எர்னஸ்ட்டின் பழைய மோட்டார் சைக்கிளுக்குப் புது ஹேண்டல் வந்துவிட்டது. ஆட்டுக்கொம்பு மாதிரி உயரமாக நின்றது.

"இனிமே குனியவே வேணாம்ணே. நேரா உட்கார்ந்து ஓட்டலாம்," என்றார் அவருடைய தம்பி கென்னத்.

எர்னஸ்ட்டின் பத்து வயது மகள் பிரிஜெட் அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏணியிலிருந்து விழுந்து அப்பாவுக்கு முதுகில் அடி. வலது மணிக்கட்டும் முறிந்து, போன வாரம்தான் கட்டுப் பிரித்தார்கள். திங்கட்கிழமை குருண் ஊரிலுள்ள தொழிற்சாலைக்கு அவர் வேலைக்குத் திரும்ப வேண்டும். குனிந்து ஓட்டினால் முதுகு வலிக்கும் என்றுதான் கென்னத் சித்தப்பா உயரமான ஹேண்டலையும் நீளமான கேபிள்களையும் வாங்கி மாட்டியிருந்தார்.

"ஒரு பூசிங் சுத்திட்டு வந்து பாருங்க," என்றார் சித்தப்பா.

அப்பா லயத்து வீட்டு வரிசையைச் சுற்றக் கிளம்பினார். நேராகப் போகும்வரை ஒன்றுமில்லை. பக்கத்து வீட்டுச் செல்லாயி அக்காவின் கோழிக்கூட்டருகே இடப்பக்கம் திரும்பியதுதான் தாமதம்.

விர்ர்ர்!

மோட்டார் பாய்ந்தது. கோழிகள் சிதறின. அப்பா பிரேக்கை அழுத்தி, கூட்டில் மோதாமல் தப்பினார்.

"ஏண்ணே அவ்வளவு முறுக்குனீங்க?"

"நான் முறுக்கவே இல்லலா!"

இன்னொரு முறை ஓட்டினார். வலப்பக்கம் திரும்பினால் சாது. இடப்பக்கம் திரும்பினால் உறுமல். யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

அப்பா தன் வலது கையை விரித்துப் பார்த்தார். "எனக்கே தெரியாம இந்தக் கைதான் முறுக்குதுபோல. வேணாம் கென்னத். மோட்டாரை வித்துடலாம்."

பிரிஜெட்டுக்குக் குழப்பம் போகவில்லை. கைதான் காரணம் என்றால், வலப்பக்கம் திரும்பும்போது மட்டும் அது ஏன் சும்மா இருக்கிறது?

"அப்பா, கொஞ்சம் இறங்குங்க. சித்தப்பா, கியர் போடாம ஸ்டாண்டுல நிறுத்துங்க. இஞ்சின் ஓடட்டும்."

முறுக்கும் பிடியைத் தொடாமல், ஹேண்டலின் நடுவில் பிடித்து மெதுவாக இடப்பக்கம் திருப்பினாள்.

விர்ர்ர்!

"பாத்தீங்களா? யாருமே முறுக்கல!"

அப்பா தன் கையையும் ஹேண்டலையும் மாறி மாறிப் பார்த்தார்.

பிரிஜெட் குனிந்து பார்த்தாள். இடப்பக்கம் திருப்பும்போதெல்லாம், முறுக்கும் பிடியிலிருந்து வந்த ஒரு கறுப்புக் கேபிள் விறைத்து, யாரோ முறுக்கியதுபோலவே இழுபட்டது.

"நீளமான கேபிள்தானே போட்டேன்!" சித்தப்பா தலையைச் சொறிந்தார்.

பிடியிலிருந்து தொடங்கி, கேபிள் போகும் வழியிலேயே அவள் விரலை ஓட்டினாள். விரல் முன்விளக்கை ஒரு சுற்றுச் சுற்றி, மறுபக்கம் போய், பிறகுதான் இஞ்சினுக்கு வந்தது.

"சித்தப்பா, இது ஏன் ஊரைச் சுத்திக்கிட்டுப் போகுது?"

சித்தப்பா நாக்கைக் கடித்துக்கொண்டார். "அடடா! உள்பக்கமா விட்டிருக்கணும்லா!"

கேபிளைக் கழற்றி, விளக்குக்குப் பின்னால் தளர்வாக விட்டு மாட்டினார். பிரிஜெட்டே ஹேண்டலை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள். இஞ்சின் ஒரே சீராக ஓடியது.

"ஏறும்மா," என்றார் அப்பா.

சோறு ஆறுகிறது என்று அம்மா அகத்தா மூன்றாவது முறையாகக் கூப்பிட்டபோது, அப்பாவும் மகளும் நான்காவது சுற்றில் இருந்தார்கள். எல்லாத் திருப்பமும் இடப்பக்கமே!