போடவா?

"போடவா?" என்று விறாந்தைக் கோடியிலிருந்து ஷிஃபான் கேட்டான். ஜஸ்லா வாயைத் திறப்பதற்குள் "போடு" என்று பதில் போய்விட்டது.

பெண்குரல்தான். அவசரமே இல்லாத, வேலைக் களைப்பில் பாதி விழுங்கிய குரல். அடுத்த நொடி சுவிட்ச் விழும் சத்தம் கேட்டது, மேசையில் ஜஸ்லாவின் முன்னாலிருந்த துணி தேய்க்கும் அயனில் சிவப்பு லைட் எரிந்தது. அவள் விரல் அப்போதுதான் அதன் ப்ளக்கை விட்டிருந்தது.

"என்ன ஜஸ்லா, இண்டைக்கி மரியாதையெல்லாம் கொறஞ்சி போச்சி?" விறாந்தையில் ஷிஃபான் சிரித்தான். "'போடு'வாமே!"

கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அவனை ஒருமையில் பேசியதே கிடையாது. கோபம் தலைக்கேறி சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்ட நாளில்கூட "நீங்களே தின்னுங்க" என்றுதான் சொன்னாள். வேலையிலும் "போடுங்க" என்பதுதான் அவள் வாயில் வரும் சொல். அவள் மேசைக்குக் கீழே குனிந்து பார்த்தாள், கதவுக்குப் பின்னால் பார்த்தாள். யாருமில்லை. உடைந்த ஜன்னல் கண்ணாடி வழியாக மூடுபனி மட்டும் கேட்பாரில்லாமல் உள்ளே வந்துகொண்டிருந்தது.

வேலைத்தலங்களுக்குப் போய், ஆட்கள் தொட்டுப் புழங்கும் மின்சாமான்களைச் சோதிப்பதுதான் இருவருக்கும் பிழைப்பு. கேத்தல், ஃபேன், ஹீட்டர், அயன், எதுவானாலும் வயர் தேய்ந்திருக்கிறதா, எர்த் ஒழுங்காகப் போகிறதா, கரண்ட் வெளியே கசிகிறதா என்று பார்த்து, நல்லதற்குப் பச்சை ஸ்டிக்கரும் ஆகாததற்குச் சிவப்பும் ஒட்டுவார்கள். ஜஸ்லா ப்ளக்கைக் கழற்றி உள்ளே பார்ப்பாள், மீட்டரைப் பிடிப்பாள். ஷிஃபான் சுவிட்ச் போர்டில் நிற்பான். ரத்தோட்டைக்கு மேலே, ரிவர்ஸ்டன் பாதையோரம் வெகுகாலம் பூட்டிக் கிடந்த இந்தத் தையல் ஃபேக்டரி மறுநாள் காலையில் மீண்டும் திறக்க இருந்தது. அயன் அறைச் சுவரில் உருப்படியான சுவிட்ச் ஒன்றுகூட இல்லை. அதனால் ஒவ்வொரு அயனுக்கும் விறாந்தைக் கோடியில் இருந்த போர்டில்தான் அறையின் லைனை நிறுத்தவும் போடவும் வேண்டியிருந்தது. அங்கிருந்து பார்த்தால் இங்கே தெரியாது. குரலை நம்பித்தான் வேலை.

அந்தக் குரலுக்கு ஷிஃபானிடம் ஒரு சட்டம் இருந்தது. போடச் சொல்ல வேண்டுமானால் போடச் சொல்லலாம். வேண்டாமென்றால் "நில்லு" மட்டும்தான்.

"'போடாத' எண்டு மட்டும் செல்லிராத," என்பான். "முன்பாதி காதுல விழுந்து பின்பாதி விழல்லெண்டா அது 'போடு'தான், ஆள் மௌத்து."

அவள் அடுத்த அயனுக்கு நகர்ந்தாள், அதையும் கடைசியையும் தவிர மற்றதெல்லாம் சோதித்து முடிந்திருந்தது. நீள மேசையில் அயன்கள் வரிசையாகச் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தன. அறையில் ஈரத்துணியும் கஞ்சியும் கலந்த ஒரு வாடை. பூட்டிக் கிடந்த இடமென்றால் பூஞ்சை மணம் வரவேண்டும், எலிப்புழுக்கை மணம் வரவேண்டும். இங்கேயோ இப்போதுதான் யாரோ தண்ணீர் தெளித்து, சட்டைக் கொலரை அழுத்தித் தேய்த்துவிட்டு நகர்ந்ததுபோல வெதுவெதுப்பாக வீசியது. எங்கோ ஒரு கூரைத்தகடு காற்றில் அடித்துக்கொண்டது. அது நின்ற இடைவெளிகளில் துணி உதறும் சத்தம் கேட்டது. ஜன்னலில் சீலை ஏதும் தொங்குகிறதா என்று பார்த்தாள். ஜன்னல் மொட்டையாக இருந்தது.

ப்ளக்கை மூடி, சொருகி, கையை எடுத்தாள்.

"போடவா?"

இந்தத் தடவை வேண்டுமென்றே உதட்டைக் கடித்துக்கொண்டாள். போதாததற்குக் கையாலும் வாயைப் பொத்தினாள்.

"போடு."

மேசையின் மறுபக்கத்திலிருந்து வந்தது. குனிந்து தேய்க்கிற ஒரு பெண்ணின் வாய் எந்த உயரத்தில் இருக்குமோ, அந்த உயரத்திலிருந்து.

ஜஸ்லா மீட்டரைப் போட்டது போட்டபடி விறாந்தையில் ஓடினாள்.

"நான் செல்லல்ல," என்றாள். மூச்சு வாங்கியது. "ரெண்டு வாட்டியும் நான் வாயே தொறக்கல்ல. வாங்க போயிருவோம்."

ஷிஃபான் அவள் முகத்தைப் பார்த்தான். சிரிக்கப் போனவன் சிரிக்கவில்லை. "பழைய கட்டிடம் புள்ள. எதிரொலியா ஈக்கும்."

"எதிரொலி என்ட வாயில ஈக்கிற 'ங்க'வ முழுங்கிருமா?"

ஃபேக்டரியைப் பார்த்துக்கொள்ளும் சுந்தரம்மா அப்போதுதான் ப்ளேன்டீ கோப்பைகளோடு வந்தாள். பேச்சு அவள் காதில் விழுந்திருக்க வேண்டும்.

"அந்த ரூம்லயா?" என்றாள். "மர்வானு ஒரு பொம்பளப் புள்ள அங்கதாங்க அயன் பண்ணிச்சு. லைன் பாக்க வந்த தம்பி கடைசி ப்ளக் பொயின்டுல கைய வச்சிக்கிட்டு இருந்தாரு. அந்தப் புள்ள 'போடு'ன்னு சொன்னிச்சாம், போர்டுல நின்னவரு போட்டுட்டாரு, தம்பி அங்கயே முடிஞ்சாரு. நான் அப்பிடிச் சொல்லவே இல்ல, போடாதன்னுதான் கத்துனேன்னு குர்ஆன் மேல கைய வச்சி அழுதுச்சுங்க. யாரு நம்புனா? பொறவு அந்தப் புள்ள வாயே தொறக்கல. சாகுற வரைக்கும் ஒரு வார்த்த பேசல."

அவள் தட்டைப் படிக்கட்டில் வைத்துவிட்டு, ரத்தோட்டை பஸ் போய்விடும் என்று குடையைத் தூக்கிக்கொண்டு இறங்கிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. ஜஸ்லாவுக்கும் அவள் பின்னாலேயே ஓடத்தான் கால் துடித்தது.

"கடைசி அயன் மட்டும்தானே மிச்சம்," என்றான் ஷிஃபான். லைனை நிறுத்திவிட்டு அவளோடு அறைக்கு வந்தான். கடைசி அயனின் ப்ளக் சுவரோடு உருகி ஒட்டியிருந்தது, சுற்றிலும் கரி. இழுத்தால் வரவில்லை.

"செவப்பு ஸ்டிக்கர ஒட்டிட்டு வாங்க. அல்லாவுக்காக."

"ஸ்டிக்கர் ஒட்டினா சரியா? நாளைக்கி நாவுல ஊருல இருந்து வாற ஒரு புள்ள இதுல கைய வெக்கும். சுவர்ப் பெட்டியக் கழட்டி வயர வெட்டி விட்டாத்தான் எனக்கு நித்திர வரும்." அவள் கண்ணில் நீர் முட்டுவதைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினான். "நீ இந்த அறையில நிக்க வாணாம். போர்டுக்குப் போ, சுவிட்சப் பாத்துக்க. யாரும் கைய வெக்காம நின்னாப் போதும். நான் முடிச்சிட்டுக் கூப்பிடுறேன்."

அவனுடைய இந்தப் பிடிவாதத்துக்காகத்தான் அவளுக்கு அவனைப் பிடித்தது. அந்தப் பிடிவாதத்தையே இன்று அடியோடு வெறுத்தாள். ஆனாலும் போனாள்.

விறாந்தையில் பனி முழங்கால் வரை வந்திருந்தது. போர்டு பழையது, சுவிட்சுக்கு மேலே பீங்கான் பியூஸ் கட்டை. சுவிட்ச் மேலே நின்றது, லைன் இல்லை. அவள் அதற்கு முன்னால் உடம்பால் மறைத்து நின்றாள். உள்ளேயிருந்து திருகாணி சுழலும் சத்தம் வந்தது. அது அவன்தான். அது நல்ல சத்தம்.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இதுவரை அந்தக் குரலைக் காட்டிக்கொடுத்தது ஒரே ஒரு "ங்க". அவள் சொன்னால் "போடுங்க", அது சொன்னால் "போடு". இப்போது இடம் மாறிவிட்டார்கள். ஷிஃபான் அவளிடம் சொல்வதும் "போடு"தான். இனி அவன் எது, அது எது என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பாள்?

திருகாணிச் சத்தம் நின்றது.

"போடு," என்றான் ஷிஃபான்.

அதே குரல். அதே இழுப்பு. சளி பிடித்தால் வரும் அந்தச் சின்னக் கரகரப்புகூட. அவள் கை தானாகச் சுவிட்சுக்குப் போய்விட்டது.

ஆனால் அவள் கேட்கவில்லை. "போடவா?" என்று அவள் கேட்கவே இல்லை.

கையை இழுத்துக்கொண்டாள். எட்டிப் பீங்கான் பியூஸைப் பிடித்து, பலங்கொண்ட மட்டும் இழுத்துப் பிடுங்கினாள். இனி யார் சுவிட்சைப் போட்டாலும் அந்த அறைக்குக் கரண்ட் போக வழியில்லை. பியூஸை உள்ளங்கையில் பொத்திக்கொண்டு, வாயில் வந்த ஓதலையெல்லாம் ஓதிக்கொண்டு நடந்தாள்.

ஷிஃபான் சுவர்ப் பெட்டியைத் திறந்துவிட்டு, கைகளைத் துடைத்துக்கொண்டு நின்றான். உள்ளே செம்பு வெளியே தெரிய மூன்று வயர்கள். அவற்றில் கரண்ட் இருக்கிறதா என்று பார்க்க மீட்டரை எடுக்கக் குனிந்தான்.

"ஏன் வந்த? நான் கூப்பிடல்லயே."

அவள் கையை விரித்துக் காட்டினாள். பியூஸைப் பார்த்ததும் அவன் முகம் இளகியது. பாசமாகச் சிரித்தான்.

"அட, நீ கெட்டிக்காரி. இது உன்ட கையில ஈக்கிற நேரம் எனக்கு என்ன பயம்?"

எடுக்கப்போன மீட்டரைத் திரும்ப வைத்துவிட்டான். இத்தனை வருடத் தொழிலில் சோதிக்காமல் அவன் ஒரு வயரைத் தொட்டதில்லை. இன்று அவளை நம்பித் தொட்டான். செம்பை இரண்டு கையாலும் பிடித்து முறுக்கினான்.

துணி உதறும் சத்தம்.

விறாந்தைக் கோடியிலிருந்து ஒரு பெண் கேட்டாள்.

"போடவா?"

ஜஸ்லாவின் குரல்.

ஷிஃபான் நிமிர்ந்து பார்த்தான். ஜஸ்லா அவன் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். பியூஸ் அவள் கையில் இருந்தது. கரண்ட் வராது. வர முடியாது. அது அவளுக்குத் தெரியும். பயத்துக்குத்தான் தெரியவில்லை.

நில்லு. அந்த ஒரு சொல்தான். நில்லு. எத்தனை தடவை சொல்லியிருப்பான்.

"போடா—"

'தீங்க' வரவில்லை. நாக்கு அசைந்தது, உதடு அசைந்தது, பின்பாதி வெளியே வரவில்லை. ஈரமான, கஞ்சி மணக்கிற ஏதோ ஒன்று அவள் வாயை மெதுவாக மூடியது.

கோடியில் சுவிட்ச் விழுந்தது.

முதல் அயனில் சிவப்பு லைட் எரிந்தது. அடுத்ததில் எரிந்தது. அதற்கடுத்ததில். அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக, மேசை நெடுக அவனை நோக்கி வந்தது. அவள் உள்ளங்கையில் பியூஸ் சுட்டது. ஷிஃபானின் கைகள் செம்பை விடவில்லை. விட முடியவில்லையா, விடத் தோன்றவில்லையா, தெரியவில்லை.

அவன் லைட்டுகளைப் பார்க்கவில்லை. அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சொன்னதன் முன்பாதியை மட்டும் அவன் கேட்டுவிட்டான்.

கடைசி லைட்டும் எரிந்தது.