நாடி பார்த்த கோப்பு

நிகர்மூளையில் சேதுபதிக்கு அதற்குள் பலமுறை அறுவை நடந்து, பலமுறை உயிர் போயிருந்தது. உண்மையான சேதுபதி அடுத்த அறையில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

அவர் தலைக்குள் கட்டி. கோவையில் இப்போதெல்லாம் கத்தி வைக்குமுன் நோயாளியின் மூளையை அப்படியே படியெடுத்து, கணினிக்குள் ஒரு நிகர்மூளை உண்டாக்கி, அதில் வெட்டிப் பார்த்துவிடுவார்கள். முன்பு ஒவ்வொரு வெட்டுக்கும் மருத்துவர்கள் கணினி ஓட்டத்தை நிறுத்திக் கவனிப்பார்கள். ஒரு நோயாளிக்கே வாரக்கணக்கில் ஆகும். அந்தச் சிரமத்தைத் தீர்த்தது சேதுபதியின் மனைவி மதுரவல்லி எழுதிய கட்டளைக் கோப்பு. வெட்டு, நாடியைப் பார், தாழ்ந்தால் அந்த வழியைக் கைவிட்டு வேறு வழியில் தொடங்கு என்று வரிசையாகக் கட்டளைகள். பக்கத்தில் ஆள் தேவையில்லை.

"ஒரு வழி கிடைச்சிருச்சுங்க. வெற்றின்னு வந்திருக்கு. நாளைக்குக் காலைல வெச்சுக்கலாம்," என்றார் டாக்டர் ரெஜினா.

"அதை ஒருக்கா கையால ஓட்டிப் பாத்துக்கறனுங்க," என்றாள் மதுரவல்லி.

"இப்ப யாருங்க அப்படிப் பாக்கறாங்க? உங்க கோப்புதானே."

ஆனாலும் அனுமதித்தார். மதுரவல்லி ஒவ்வொரு கட்டளையாக நகர்த்தினாள். நாடி இம்மியும் பிசகவில்லை. கடைசி வெட்டு முடிந்ததும் மைக்கில் கேட்டாள்: "என்னுங்க, நான் யாருன்னு தெரியுதுங்களா?"

"தெரியலீங்களே," என்றது கணவரின் குரல், மரியாதையாக. "நீங்க யாருங்க?"

கோப்பு கைவிட்ட வழிகளை ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஒன்றில், நாடி சரிந்த இடத்திலேயே ஓட்டம் அறுந்து நின்றது. அதை நிறுத்தாமல் மேலே போகவிட்டாள். ரெஜினா மருந்து ஏற்றச் சொன்னார். நாடி மெல்ல எழுந்தது.

"வல்லி, கொஞ்சம் தண்ணி குடு," என்றது குரல்.

மறுநாள் அந்த வழியிலேயே சேதுபதிக்கு அறுவை நடந்தது. நாடி சரிந்தது, தயாராக நின்றவர்கள் மீட்டுவிட்டார்கள். கண் விழித்தவர் அவளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டார். அதுவரை அவள் அடக்கி வைத்திருந்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது.

ரெஜினா அவள் தோளைத் தொட்டார். "அந்தக் கேள்வியையும் கோப்புல சேத்திருங்க. அப்புறம் யாரும் உக்காந்து பாக்க வேண்டியதில்லை."

மதுரவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "இதுவரைக்கும் வெற்றின்னு வீட்டுக்கு அனுப்பினவங்ககிட்ட யாராச்சும் அதைக் கேட்டீங்களா டாக்டர்?"

ரெஜினா அவள் தோளிலிருந்து கையை எடுத்தார்.

"அடையாளம் தெரியலைன்னு வீட்டுக்காரங்க வந்து சொன்னாங்க. நாளானா சரியாயிரும்னு அனுப்பிட்டோம்," என்றார். "நாடி எல்லாருக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."